மாமாவின் கார் வந்த படம்

என் மகன் பழைய படம் பார்க்கும்போது கைப்பேசியில் காட்சியை நிறுத்திவிட்டு, இது என்ன வண்டி என்று என்னைக் கேட்பான். அவன் சேர்ந்திருக்கும் குழு ஒன்றில் அதுதான் விளையாட்டு. யாராவது ஒருவர் ஏதோ ஒரு படத்திலிருந்து ஒரு காட்சியைப் போடுவார்; அதில் தெரியும் காரின் பெயரை மற்றவர்கள் சொல்ல வேண்டும். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவேன். பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் மீன் துடுப்பு மாதிரி லேசாக எழும்பியிருந்தால் அம்பாசடர். துடுப்பில்லாமல் உருண்டு இறங்கினால் அதற்கு முந்தைய லேண்ட்மாஸ்டர். ஆமை முதுகாகக் கூரையிலிருந்து பம்பர் வரைக்கும் ஒரே சரிவாக இறங்கினால் பழைய வேன்கார்ட்.

கார் ஓட்டத் தெரியாத அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று ஒருநாள் கேட்டான். சின்ன வயதில் நிறையப் படம் பார்த்தேன் என்றேன். அது உண்மை. ஆனால் நாங்கள் படத்துக்காகப் படம் பார்க்கவில்லை.

எங்கள் வீடு சிட்லபாக்கத்தில், ஏரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. அப்பா, அம்மா, நான், அத்தை என்று நான்கு பேர். அத்தை என் அப்பாவுக்கு அக்கா. குழந்தை இல்லாதவள். அவளுடைய கணவரான மாமா ஒரு கறுப்பு வேன்கார்ட் வைத்திருந்தார். அதைப் படக் கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடுவதுதான் அவர் தொழில். வண்டியை மட்டும் தனியாக அனுப்ப மாட்டார். ஸ்டியரிங்கை வேறு யாரும் தொடக் கூடாது. அதன் கியர் ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கும். கதாநாயகர்களுக்கு அது படியாது என்பது அவர் கட்சி. ஆகவே கார் தூரத்தில் வருகிற, தூரத்தில் போகிற காட்சிகளில் கதாநாயகனின் கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு மாமாவே ஓட்டுவார். "ஊரே கை தட்டுற ஆளு பாதி நேரம் எங்க வீட்டுக்காரருதான், மூஞ்சி தெரியாத வரைக்கும்" என்று அத்தை சொல்வாள்.

எனக்கு நான்கு வயது இருக்கும்போது மாமா மைசூர்ப் பக்கம் ஒரு படப்பிடிப்பு என்று காரை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை. படப்பிடிப்பு முடிந்து அவர் கிளம்பிவிட்டார் என்று கம்பெனியில் சொன்னார்கள். அப்பா காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தார். வழியில் இருந்த ஊர்களின் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போய் விசாரித்துவிட்டு வந்தார். மலைப்பாதையில் எங்கோ வளைவில் உருண்டிருக்கும் என்று சிலர் சொன்னார்கள். உருண்ட காரும் கிடைக்கவில்லை, உருண்ட ஆளும் கிடைக்கவில்லை. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அத்தை எங்களோடு வந்துவிட்டாள். அவளோடு வந்தது சீராகக் கொடுத்த மர அலமாரி ஒன்றுதான். அதன் ஒரு கதவில் பித்தளைக் கைப்பிடி இருக்கும். மற்றதில் கைப்பிடி இருந்த இடத்தில் கயிறு கட்டியிருக்கும். அந்தக் கைப்பிடியை மாமா கழற்றி, உடைந்துபோன டிக்கி கைப்பிடிக்குப் பதிலாகக் காரில் மாட்டியிருந்தார். கல்யாணச் சீரைக் கழற்றிக் காருக்குப் போட்ட மனுஷன் என்று அம்மா கேலி செய்வாளாம்.

அத்தை வந்த புதிதில் அவள் சாப்பிடாமல் கிடந்தாள். அவளைத் தேற்றுவதற்காக அப்பா ஒரு வார்த்தை சொன்னார். மாமா உயிரோடு இருந்தால் அந்தக் காரை வைத்துத்தான் பிழைப்பார்; வேறு தொழில் அவருக்குத் தெரியாது; என்றைக்காவது ஒரு புதுப் படத்தில் அந்தக் கார் வரும்; வந்தால் அவர் இருக்கிறார் என்று அர்த்தம். அப்பா ஆறுதலுக்குச் சொன்னதுதான். அத்தை அதைப் பிடித்துக்கொண்டாள்.

நாங்கள் படம் பார்க்க ஆரம்பித்தது அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் வருவது பழைய படம். அதில் கார் வந்தாலும் கணக்கில்லை. அந்தப் படங்களை நாங்கள் பயிற்சிக்காகப் பார்த்தோம். எந்த வண்டி எது என்று அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்தார். எண்ணைப் பார்க்காதே, படக் கம்பெனியில் வேறு எண் ஒட்டிவிடுவார்கள். நிறத்தைப் பார்க்காதே, ஒரு நாளில் மாற்றிவிடலாம். முதலில் உருவத்தைப் பார், பிறகு அடையாளத்தைப் பார். மாமாவின் காருக்கு அடையாளம் இரண்டு. டிக்கியில் அலமாரிக் கைப்பிடி. வேன்கார்டுக்குப் பின் சக்கரங்களைப் பாதி மூடியபடி தகடு இருக்கும். மாமாவின் காரில் இடது பக்கத் தகடு இருக்காது.

அத்தையிடம் மூன்றாவது அடையாளம் ஒன்று இருந்தது. அது காருடையதல்ல. வண்டியை எடுக்கும்போது மாமா கையை வெளியே விட்டுக் கதவை இரண்டு முறை தட்டுவார், மாட்டைத் தட்டிக் கொடுப்பதுபோல. கல்யாணமான புதிதிலிருந்தே அப்படித்தான் என்பாள். கோட்டு போட்டுக் கதாநாயகனாக ஓட்டும்போதுகூட அந்தப் பழக்கம் போகவில்லை. இரண்டு மூன்று பழைய படங்களில் நானே பார்த்திருக்கிறேன். தூரத்தில் ஒரு கார், ஒரு கை, இரண்டு தட்டு. பிறகு புழுதி.

புதுப் படங்களைத் தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் மதியக் காட்சியில் பார்த்தோம். எல்லாப் படத்துக்கும் போவதில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் நடந்த கதை ஒன்று நடுவில் வர வேண்டும். அப்போதுதான் பழைய கார் வரும். சுவரொட்டியில் யாராவது அகலக் காலர் கோட்டோடு நின்றால் அத்தை டிக்கெட்டுக்குக் கிளம்பிவிடுவாள். என் வகுப்பில் என்னளவுக்குப் படம் பார்த்தவள் யாரும் இல்லை. அவர்கள் பொறாமையோடு கதை கேட்பார்கள். ஒரு பிளைமவுத் வந்தது, இரண்டு அம்பாசடர் வந்தது, ஜீப் ஒன்று எரிந்தது என்பேன். கடைசியில் யாருக்கு யாரோடு கல்யாணம் ஆயிற்று என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பழைய கதை முடிந்து இந்தக் காலத்துக்குப் படம் திரும்பியதும் அத்தை எழுந்துவிடுவாள்.

எனக்குப் பதினோரு வயதானபோது பெரியப்பா வீட்டில் கல்யாணம் வந்தது. பெரியப்பா அத்தைக்கும் மூத்தவர், படப்பையில் இருந்தார். அவருடைய பெண்ணுக்கு மாசியில் முகூர்த்தம். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்து, அத்தையைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தார்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு வளைகாப்பு நடந்தது. குங்குமத் தட்டோடு வந்த பெண் ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டே வந்து அத்தையின் முன்னால் நின்றாள். அத்தையின் நெற்றியில் பொட்டு இருந்தது, கழுத்தில் தாலி இருந்தது. ஆனாலும் கொடுக்கலாமா, தாண்டிப் போகலாமா என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. யாராவது சொல்வார்கள் என்று சுற்றிலும் பார்த்தாள். யாரும் சொல்லவில்லை. அத்தையே எழுந்து தண்ணீர் குடிக்கப் போவதுபோல் உள்ளே போய்விட்டாள்.

பெரியப்பா அதைத்தான் எடுத்தார். கல்யாண வீட்டில் நூறு பேர் வருவார்கள், நூறு பேரும் இப்படித்தான் பார்ப்பார்கள் என்றார். ஏழு வருஷம் தகவல் இல்லாதவருக்குத் தர்ப்பையால் உருவம் செய்து காரியம் பண்ணிவிடலாம், சாஸ்திரத்தில் இடம் இருக்கிறது என்றார். அவர் கெட்டவர் இல்லை. பேசும்போது அத்தையின் முகத்தைப் பார்க்காமல் தன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ கட்டுக்கழுத்தியா இல்லையான்னு உனக்கே தெரியாம எத்தினி நாளிக்கிமா இப்படிக் குந்திகினு இருப்ப?" என்றார் கடைசியில்.

அத்தை, "பொங்கலுக்கு வர்ற படமெல்லாம் பாத்துடறேண்ணா. அதுலயும் இல்லன்னா நீ சொல்றபடி செய்யலாம்" என்றாள்.

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். வேறு வீட்டில் அதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். அப்பா சிரிக்கவில்லை. சரி என்று தலையாட்டினார்.

அந்த வருஷப் பொங்கலுக்கு வந்த படங்களில் பழைய கதை உள்ளவை இரண்டுதான் என்று அப்பா விசாரித்து வந்தார். முதல் படத்தில் ஜமீன்தார் மாளிகை வாசலில் இருந்தது ஒரு லேண்ட்மாஸ்டர். அத்தை அன்று திரும்பி வரும் வழியெல்லாம் தாலியை இரவிக்கைக்குள் விட்டுப் பிடித்தபடியே நடந்து வந்தாள்.

இரண்டாவது படத்துக்கு அப்பாவும் அலுவலகத்தில் சொல்லிவிட்டு வந்தார். தாம்பரத்தில், மதியக் காட்சி. அத்தை நடுவில், நான் ஒரு பக்கம், அப்பா மறுபக்கம். பாதிப் படம் தாண்டியும் பழைய கதை வரவில்லை. பிறகு கிழவர் ஒருவர் சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஒரு பங்களா. அதன் முன்னால் வெளிர் பச்சை நிறத்தில் ஒரு கார் வந்து நின்றது. ஆமை முதுகு.

"அத்தை, வேன்கார்ட்" என்றேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

கதாநாயகன் சாமான் எடுப்பதற்காகப் பின்னால் வந்தான். டிக்கியில் பித்தளைக் கைப்பிடி இருந்தது. அலமாரியில் நாங்கள் தினம் பார்க்கும் கைப்பிடிக்கு ஜோடி அது. இடது பின்சக்கரம் மூடாமல் முழுதாகத் தெரிந்தது. நான் இரண்டையும் வாய்விட்டுச் சொன்னேன். முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்த்து, "பேஜார் பண்ணாத பாப்பா" என்றார். பிறகு கதாநாயகன் விடைபெற்றுக்கொண்டு காரில் ஏறினான். காட்சி தூரத்துக்கு மாறியது. கார் கிளம்பும்போது கோட்டுக் கை ஒன்று வெளியே வந்து கதவை இரண்டு முறை தட்டியது.

அத்தை இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். அவள் முகத்தில் திரையின் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. அவள் அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா அவளுடைய முழங்கையைத் தொட்டு, "அக்கா, உக்காரு" என்றார்.

அடுத்த காட்சி காருக்குள்ளே. பின்னிருக்கையிலிருந்து எடுத்திருந்தார்கள், ஓட்டுபவரின் தோள், முன்கண்ணாடி, அதற்கு அப்பால் பாதை. நடுவில் இருந்த சின்னக் கண்ணாடியில் குழந்தையின் காலணி ஒன்று கயிற்றில் கட்டித் தொங்கியது. சிவப்பு. உள்ளங்கை அளவுதான் இருக்கும். கார் குலுங்கும்போதெல்லாம் அதுவும் ஆடியது. வண்டி ஓட்டுபவர்கள் தங்கள் குழந்தைக்குச் சின்னதாகிப்போன முதல் காலணியை இப்படிக் கட்டுவது வழக்கம், தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் டாக்சிகளில் நானும் பார்த்திருக்கிறேன். முப்பது வருஷத்துக்கு முந்தைய கதை என்று சொல்லி எடுத்தவர்கள் அதைக் கழற்ற மறந்திருந்தார்கள். மாமாவின் காரில் முன்பு இல்லாத சாமான் இது ஒன்றுதான் என்று நான் மனத்தில் குறித்துக்கொண்டேன். எங்கள் அடையாளம் மூன்றும் பொருந்தியிருந்தபோது, கூடுதலாக ஒன்று இருப்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

அத்தை உட்கார்ந்தாள். என் மணிக்கட்டை விட்டுவிட்டாள். அன்று முதல்முறையாக, பழைய கதை முடிந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. படம் முடிந்து விளக்கு போட்டு, கூட்டுகிறவர்கள் வந்து நிற்கும்வரை அப்படியே இருந்தாள்.

வெளியே வந்ததும் அப்பா, நாளைக்கே வடபழனிக்குப் போய்ப் படக் கம்பெனியில் முகவரி கேட்கிறேன் என்றார். வேகமாகப் பேசினார். அவரும் அந்தக் காலணியைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் கண்டுபிடிக்க வேண்டியதைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற வேகத்திலேயே இருந்தார் என்று நினைக்கிறேன். அவரைவிட நான்தான் அதிகம் குதித்துக்கொண்டிருந்தேன்.

"எதுக்குடா?" என்றாள் அத்தை. "அது நம்ம கார் இல்ல."

"கைப்பிடி இருந்துச்சு அத்தை" என்றேன். "நீங்களும்தானே பாத்தீங்க?"

"அந்த மாதிரிக் கைப்பிடி கடையில எவ்வளவோ விக்கிது."

"கதவத் தட்டினாரே?"

அப்பா நடப்பதை நிறுத்திவிட்டார். அத்தை அவரைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்ததுபோல் எனக்குத் தோன்றியது. ஜிஎஸ்டி சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"அண்ணன் கிட்ட சொல்லிடு. காரியத்தப் பண்ணிடலாம்" என்றாள்.

வீட்டுக்கு வந்தோம். நான் அம்மாவிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். உருவம் சரி, கைப்பிடி சரி, சக்கரம் சரி, தட்டினது சரி, புதிதாக ஒரு சிவப்புக் காலணி. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். காலணி என்றதும் கையை எடுத்துவிட்டாள். நீ போய்ப் படி என்றாள்.

அதன் பிறகு சமையலறையில் அவளும் அத்தையும் பேசியதை அம்மா எனக்குச் சொன்னது, எனக்குக் கல்யாணமாகி என் மகனும் பிறந்த பிறகுதான். மாமா காரை விற்றிருக்கலாம், வாங்கியவரின் குழந்தையாக இருக்கலாமே அண்ணி என்று அம்மா கேட்டிருக்கிறாள். "கதவத் தட்டுறதையுமா சேத்து வித்தாரு?" என்று அத்தை கேட்டாளாம்.

அப்பா வடபழனிக்குப் போனாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

காரியம் படப்பையில், பெரியப்பாவின் தோட்டத்துக் கிணற்றடியில் நடந்தது. தர்ப்பையை முறுக்கிக் கைகால் வைத்து ஓர் உருவம் செய்து வாழையிலையில் கிடத்தியிருந்தார்கள். என் கைக்கு ஒரு முழ நீளம்தான் இருந்தது. எல்லோரும் அதை மாமா என்று வைத்துக்கொண்டு அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நடத்தி வைக்க வந்த ஐயரிடம் போய், மாமா சாகவில்லை, இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் பார்த்தேன் என்று சொன்னேன். அவர் கையில் எடுத்த எள்ளோடு பெரியப்பாவைப் பார்த்தார்.

"சினிமா பாத்துக் கெட்டுப்போச்சு சாமி. நீங்க ஆக வேண்டியதப் பாருங்க" என்றார் பெரியப்பா.

அம்மா வந்து என்னை இழுத்துக்கொண்டு போனாள். திரும்பிப் பார்த்தபோது, பெண்கள் நடுவில் உட்கார்ந்திருந்த அத்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதை இல்லை என்று மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன், அல்லது ஆமாம் என்பாள் என்று. அவள் கழுத்தை நீட்டிக் கொடுத்தாள். ஒரு கிழவி தாலியைக் கழற்றினாள்.

மாசியில் கல்யாணம் நன்றாக நடந்தது. யாருக்கும் குழப்பம் இல்லை. குங்குமத் தட்டு கூடத்தில் சுற்றி வந்தபோது அத்தை பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தட்டு எடுத்து வந்த பெண்களுக்குச் சுற்றிலும் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் படத்துக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை படம் ஓடும்போது அத்தை கொல்லைப்புறத்தில் துணி துவைத்தாள். அவள் கண்களிலிருந்து நீர் வடிய ஆரம்பித்தது. அழுகை என்று சொல்ல முடியாது. முகம் சாதாரணமாகவே இருக்கும், அவள் பேசிக்கொண்டே வேலை செய்வாள், கண் மட்டும் தன்பாட்டுக்கு வடியும். முந்தானையால் துடைத்துத் துடைத்து ஓரங்கள் புண்ணாகிவிட்டன.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அத்தைக்குக் கண் சரியில்லை. அதனால்தான் அன்றைக்கு அவளுக்குக் கார் சரியாகத் தெரியவில்லை. கண்ணாடி போட்டால் சரியாகிவிடும், அதே படத்துக்கு மறுபடி ஒருமுறை கூட்டிப் போகலாம், அப்போது அவளே ஒத்துக்கொள்வாள், காரியத்தையும் எப்படியாவது மாற்றிக்கொள்ளலாம். அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். அந்தச் சனிக்கிழமையே அத்தையைக் குரோம்பேட்டையில் ஒரு கண் மருத்துவரிடம் அழைத்துப் போனார். நானும் போனேன்.

மருத்துவர் விளக்கு அடித்துப் பார்த்தார். இமையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு எதிர்ச்சுவரில் இருந்த எழுத்து அட்டையைக் காட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொன்னார். மேல் வரியில் எழுத்து பெரியது. இறங்க இறங்கச் சிறுத்துக்கொண்டே போய், கடைசி வரி எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். நான் நின்ற இடத்திலிருந்து எனக்கே அது தெரியவில்லை.

அத்தை பொட்டில்லாத நெற்றியோடு நிமிர்ந்து உட்கார்ந்து, மேலிருந்து தொடங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். வலது கண்ணால் முடித்துவிட்டு இடது கண்ணால் படித்தாள். கடைசி வரியில்கூட ஓர் எழுத்தும் தப்பவில்லை. "கண்ணுல ஒண்ணும் இல்லையேம்மா" என்றார் மருத்துவர்.

இவ்வளவு சின்ன எழுத்து தெரிகிறவளுக்கு அவ்வளவு பெரிய கார் எப்படித் தெரியாமல் போனது என்று அவரையே கேட்டுவிடலாம் என்று நான் முன்னால் ஓர் அடி வைத்தேன். அப்பா என் தோளில் கை வைத்து நிறுத்தினார்.